பார்வையற்ற ஓட்டக்காரருக்கு மாரத்தானில் வழித்துணையாக ஓடுவது எப்படி?

மாரத்தான் ஓட விரும்பும் பார்வையற்றவருக்கு வேண்டிய ஏற்பாடுகள் பல. அவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்து தர வேண்டியவர்கள் போட்டியை நடத்துபவர்கள்தாம். ஆனால் 42.195 கிலோமீட்டர் தூரமும் பக்கத்திலேயே ஓடி, சாலையில் அடுத்து என்ன வருகிறது என்று சொல்லிக்கொண்டே வர ஒருவர் கிடைக்காவிட்டால், மற்ற ஏற்பாடுகள் எல்லாம் இருந்தும் முழுப் பார்வையிழப்பு உள்ள ஒருவர் நெரிசலான சாலைப் போட்டியில் ஓடுவது நடவாத காரியம். ஓட்டக் குழுக்களில் கைடு ரன்னர் என்று அழைக்கப்படும் அந்த வழித்துணையின் பொறுப்பை முதன்முறையாக ஏற்கப்போகிறவர்களுக்காக இது எழுதப்படுகிறது.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஓட்டம் அவருடையது. எந்த வேகத்தில் ஓடுவது, எங்கே நடப்பது, எப்போது நிறுத்திக்கொள்வது என்பனவற்றை அவர்தான் தீர்மானிப்பார். அந்த முடிவுகளை எடுப்பதற்கு வேண்டிய தகவலை நேரத்துக்குச் சொல்வது உங்கள் வேலை. ஒருவரைக் ‘கூட்டிக்கொண்டு போகிறோம்’ என்ற எண்ணத்துடன் வருபவர்கள், எவ்வளவு நல்ல ஓட்டக்காரர்களாக இருந்தாலும், இந்தப் பணிக்குப் பொருந்துவதில்லை.

உங்களிடம் எவ்வளவு தெம்பு மிச்சம் இருக்க வேண்டும்

வழித்துணை தன் இணையைவிட, அதாவது தன்னுடன் ஓடும் பார்வையற்றவரைவிட, நன்றாகவே வேகமாக ஓடக்கூடியவராக இருக்க வேண்டும். அவர் பத்து கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓடுபவர் என்றால், நீங்கள் அதே தூரத்தை ஐம்பது நிமிடத்தில் சிரமமின்றி முடிப்பவராக இருப்பது நல்லது. காரணம் எளியது: நீங்கள் ஓடிக்கொண்டே இடைவிடாமல் பேச வேண்டியிருக்கும், சாலையைப் படிக்க வேண்டியிருக்கும், ஒரு கையை உங்கள் விருப்பப்படி வீச முடியாது. மூச்சு வாங்கும் நிலைக்கு வந்த வழித்துணை முதலில் கைவிடுவது பேச்சைத்தான்; பேச்சு நின்ற கணத்தில் இணைக்கு வழியே இல்லாமல் போகிறது.

உயர்மட்டப் போட்டிகளிலும் இது நடந்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டு சிட்னி பாராலிம்பிக்கில், கென்யாவின் ஹென்றி வான்யொய்கே 5000 மீட்டர் ஓட்டத்தில் முன்னணியில் இருந்தபோது அவருடைய வழித்துணை உடல்நலக் குறைவால் கடைசிச் சுற்றில் தள்ளாடத் தொடங்கினார். பார்வையற்ற வான்யொய்கேதான் தன் வழித்துணையை இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டித் தங்கம் வென்றார். தங்கம் கிடைத்ததால் இன்று அதை வியந்து பேசுகிறோம். உங்கள் இணைக்கு அந்த நிலையை ஏற்படுத்தாமல் இருப்பதே மேல்.

முழு மாரத்தானுக்கு உங்கள் தெம்பு போதாது என்று தோன்றினால் இருவராகப் பிரித்துக்கொள்ளலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான உலக பாரா தடகள விதிகளே 5000 மீட்டரும் அதற்கு மேற்பட்டதுமான ஓட்டங்களில் இரண்டு வழித்துணைகளை அனுமதிக்கின்றன. நம் ஊர்ச் சாலைப் போட்டிகளில் இதற்கு நடத்துபவர்களின் ஒப்புதலை முன்கூட்டியே எழுத்தில் பெற வேண்டும். இல்லையென்றால் நடுவழியில் காத்திருக்கும் இரண்டாமவரைத் தடத்துக்குள் விடமாட்டார்கள்.

முதல் சந்திப்பில் கேட்க வேண்டியவை

‘பார்வையற்றவர்’ என்ற சொல்லுக்குள் பலவகைப் பார்வை நிலைகள் அடங்கியிருக்கின்றன. பாரா தடகளத்தில் இவர்களை டி11, டி12, டி13 என்று மூன்று வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள். டி11 வகுப்பினர் பார்வை அறவே இல்லாதவர்கள் அல்லது ஏறக்குறைய இல்லாதவர்கள். அவர்கள் கண்களை மறைத்துக்கொண்டு வழித்துணையுடன்தான் ஓட வேண்டும். டி12 வகுப்பினர் விரும்பினால் வழித்துணை வைத்துக்கொள்ளலாம். டி13 வகுப்பினர் தனியாகவே ஓடுகிறார்கள். பொதுமக்கள் ஓடும் மாரத்தானில் இந்த வகுப்புகள் உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் உங்கள் இணைக்கு எது தெரிகிறது, எது தெரியவில்லை என்பதை நேரடியாகவே கேட்டுவிடுங்கள். விழித்திரை நிறமிச் சிதைவு உள்ளவருக்கு நேர் எதிரே இருப்பது தெரியும், பக்கவாட்டில் வருபவர் தெரியமாட்டார், விடிவதற்கு முன்பு ஏறக்குறைய எதுவுமே தெரியாது. விழித்திரையின் மையம் பாதிக்கப்பட்டவருக்கு இதற்கு நேர்மாறாக இருக்கும். சூரியன் ஏறியதும் கண்கூச்சத்தால் இருக்கும் பார்வையும் போய்விடுகிறவர்களும் உண்டு. மாரத்தான் இருட்டில் தொடங்கி வெயிலில் முடிவதால் ஒரே ஓட்டத்துக்குள் அவருடைய தேவை மாறிக்கொண்டே வரும்.

எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதையும் அவரே சொல்லட்டும். ஒரு காது மந்தமாக இருந்தால் மறுபக்கம் ஓட வேண்டும். தோளில் பழைய காயம் இருந்தால் அந்தக் கையில் கயிறு கூடாது. வலிப்பு, சர்க்கரை நோய் போன்றவை உண்டா, அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும் என்பதும் முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

பழகும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. அருகில் சென்றதும் உங்கள் பெயரைச் சொல்லி வணக்கம் சொல்லுங்கள். “நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்” என்று குரலை வைத்து விடுகதை போடும் பழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. பார்வையற்றவர்கள் வாழ்நாள் முழுவதும் சலித்துப்போன விளையாட்டு அது. நடக்கும்போது அவருடைய கையைப் பிடித்து இழுக்காமல், “என் முழங்கையைப் பிடிச்சுக்கறீங்களா, சார்?” என்று கேட்டு உங்கள் கையைக் கொடுங்கள். விலகிச் செல்லும்போதும் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். வெறும் காற்றிடம் பேச விடுவது அவமதிப்பு.

கயிறு

இருவரையும் இணைக்கும் கயிற்றை டெதர் என்கிறார்கள். இரண்டு முனைகளிலும் வளையம் போட்ட, நீட்டினால் நீளாத துணிப்பட்டையே போதும்; பழைய ஷூ லேஸிலும் செய்துகொள்ளலாம். சர்வதேசப் போட்டிகளில் இழுபடும் ரப்பர்ப் பட்டைகளுக்கு இடமில்லை. கயிற்றின் நீளமும் 30 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அந்த விதி உங்களுக்குப் பொருந்தாத போட்டியிலும் அந்த நீளமே வசதியானது, ஏனென்றால் நீளமான கயிற்றில் நீங்கள் திரும்பியது அவருக்குத் தாமதமாகத்தான் தெரியும். மணிக்கட்டில் இறுக்கிக் கட்டாமல் விரல்களில் மாட்டிப் பிடிப்பது நல்லது. ஒருவர் விழுந்தால் மற்றவரும் சேர்ந்து விழாமல் இருக்க அது உதவும்.

கயிறு இழுப்பதற்கு அல்ல. அது தளர்வாக இருக்கும்போதே உங்கள் கை அசைவு அவருக்குத் தெரிகிறது. நீங்கள் அவருக்கு இடப்பக்கம் ஓடுகிறீர்கள் என்றால் உங்கள் வலது கையும் அவருடைய இடது கையும் ஒன்றாக வீசும். அப்படி வீசும்போது கால்கள் கண்ணாடிப் பிம்பம்போல அமையும்: உங்கள் இடது காலும் அவருடைய வலது காலும் ஒரே நேரத்தில் முன்னே வரும். இந்தத் தாளம் படியாமல் எத்தனை கிலோமீட்டர் பயிற்சி செய்தாலும் இருவருக்கும் தோள் வலிதான் மிஞ்சும். நீங்கள் உயரமானவர் என்றால் உங்கள் கால் எட்டைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். இணையின் எட்டுக்கு ஒத்துப்போவது எப்போதும் வழித்துணையின் பொறுப்பு.

குறைபார்வை உள்ள சிலர் கயிறே வேண்டாம் என்பார்கள். உங்கள் சட்டையின் நிறத்தைப் பின்தொடர்ந்து ஓடுவது அவர்களுக்குப் போதும். அப்படியானால் அடர்த்தியான ஒரே நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓரிரு எட்டு முன்னே ஓடுங்கள், பேச்சை மட்டும் நிறுத்தாதீர்கள்.

முதல் பயிற்சி

முதல் நாளே சாலையில் இறங்க வேண்டாம். பள்ளி மைதானமோ தடகளப் பாதையோ கிடைத்தால் அங்கே முதலில் கயிற்றுடன் நடந்து, பிறகு மெல்ல ஓடி, திரும்பி, நின்று பழகுங்கள். ஓடத் தொடங்கும் முன் நீங்களே கண்ணைக் கட்டிக்கொண்டு வேறொருவரின் வழித்துணையில் சற்றுத் தூரம் ஓடிப் பாருங்கள். ஒரு சொல் எவ்வளவு முன்னதாக வர வேண்டும், வழித்துணை மௌனமாகிவிட்டால் எப்படி இருக்கும் என்பதை இதைவிட விரைவாகக் கற்பிக்கும் பயிற்சி வேறு இல்லை.

மைதானத்தில் தாளம் படிந்த பிறகு சாலைக்கு வாருங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு விடியற்காலை மெரினா காமராஜர் சாலையும் பெசன்ட் நகர்க் கடற்கரைச் சாலையும் பழகிய இடங்கள். வாரக்கடைசி நீள ஓட்டங்களைப் போட்டியில் ஓடப்போகும் இணையுடனேயே ஓடுவது அவசியம். போட்டி நாளில் அறிமுகமாகி அன்றே முழு மாரத்தானுக்கு வழித்துணையாக ஓடுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

என்ன சொல்வது, எப்போது சொல்வது

இந்தப் பணியின் கடினமான பகுதி இதுதான். முதலில் ஒரு சொல்லை விட்டுவிட வேண்டும்: “பார்த்து!” தடை எதிர்ப்பட்டதும் நம் வாயில் தானாக வருவது அந்தச் சொல்தான். ஆனால் “பார்த்து, பார்த்து” என்று கேட்பவருக்கு ஏதோ ஆபத்து என்று தெரிகிறதே தவிர, அது பள்ளமா, மேடா, நாயா, எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பது எதுவும் தெரிவதில்லை. பயந்து உடலை இறுக்கிக்கொள்வார், இறுகிய கால்தான் தடுக்கும். ‘அங்கே’, ‘இந்தப் பக்கம்’, ‘அதோ’ போன்ற சொற்களுக்கும் இடமில்லை.

ஒவ்வோர் எச்சரிக்கையிலும் என்ன, எங்கே, எப்போது என்ற மூன்றும் இருக்க வேண்டும். “வேகத்தடை வருது… மூணு, ரெண்டு, ஒண்ணு, ஏறு… இறங்கு” என்று எண்ணிச் சொல்வது பலருக்கும் ஒத்துவருகிறது. கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் என்ற வேகத்தில் ஓடுபவர் ஒரு விநாடியில் ஏறக்குறைய 2.8 மீட்டர் கடக்கிறார். மூன்று விநாடி முன்னதாகச் சொன்னால் எட்டு மீட்டர் கிடைக்கிறது. அதற்கும் முன்பே சொன்னால் அவர் காலை உயர்த்திக்கொண்டு காத்திருக்க வேண்டியிருக்கும். பிந்திச் சொன்னால் பயனில்லை. திருப்பங்களில் அளவைச் சேர்த்துச் சொல்லுங்கள்: மெல்ல வளையும் சாலைக்கு “இடது, லேசா”, முழுத் திருப்பத்துக்கு “இடது, முழுசா”. இடது வலது என்பது எப்போதும் அவருடைய இடது வலதுதான். அடுத்தடுத்துச் சிறு வரிகளாகப் போட்டிருக்கும் வேகத்தடைகளை ஒற்றை மேடாகச் சொல்லிவிடக் கூடாது, எத்தனை வரி என்று சொல்ல வேண்டும். பாதாளச் சாக்கடை மூடி, சாலையின் குறுக்கே போகும் ஒலிபெருக்கிக் கம்பி, தார் பெயர்ந்த இடம், ஓரமாகச் சரிந்திருக்கும் சாலை, படுத்திருக்கும் நாய் ஆகியவையும் பட்டியலில் உண்டு. பாலம் வந்தால், ஏற்றம் எவ்வளவு தூரம் நீளும் என்று தோராயமாகவாவது சொல்லுங்கள். முடிவு தெரியாத ஏற்றம் யாரையும் சோர்வடையச் செய்யும்.

“நில்” என்ற சொல்லை உண்மையான அவசரத்துக்கு மட்டும் ஒதுக்கி வையுங்கள். அதைக் கேட்டதும் காரணம் கேட்காமல் நிற்பது என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். மரியாதைக்காக “நில்லுங்க சார்” என்று நீட்டிக்கொண்டிருக்க அந்த நேரத்தில் அவகாசம் இராது. மூத்தவராக இருந்தாலும் இந்த ஒரு சொல்லுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளலாம்.

பாதை குறுகும் இடத்தில் “ஒத்தை வரிசை” என்று சொல்லி, கயிறு பிடித்த கையை உங்கள் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனால் அவர் உங்கள் பின்னால் வந்துவிடுவார். பறையும் செண்டையும் ஒலிபெருக்கிப் பாட்டுமாக உற்சாகப்படுத்தும் இடங்களில் உங்கள் குரல் காதில் விழாது. அங்கே கயிற்றைச் சுண்டிக் காட்டும் குறிகள் தேவைப்படும்: ஒரு சுண்டல் என்றால் மெல்ல, இரண்டு என்றால் காலை உயர்த்து என்பதுபோல நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டம் வருவதற்கு முன்பே, “முன்னாடி மேளம், சத்தமா இருக்கும்” என்று சொல்லிவிடுவதும் உதவும். அந்த ஆரவாரம் அவருக்குப் பிடித்தமான பகுதியாகவும் இருக்கலாம்.

தடை இல்லாத நேரத்தில் எவ்வளவு பேசுவது என்பது ஆளைப் பொறுத்தது. கடலில் படகு நிற்பதையும் எதிரே வருபவரின் வேடத்தையும் விவரிக்கச் சொல்பவர்கள் உண்டு. சாலையைத் தவிர வேறு எதையும் சொல்லாதே என்பவர்களும் உண்டு. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பதிவும் போட்டி நடத்துபவர்களும்

பதிவு தொடங்கியதும் நடத்துபவர்களுக்கு எழுதிக் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: வழித்துணைக்குத் தனி எண் அட்டை உண்டா, அவருக்குக் கட்டணம் உண்டா, நேரத்தைக் கணக்கிடும் சிப் யாருக்கு, நெரிசலைத் தவிர்க்க முன்னதாகவோ ஓரமாகவோ தொடங்கலாமா, தொடக்க இடம்வரை வாகனம் வருமா. பதிவுப் பக்கமே திரைவாசிப்பான் மென்பொருளுக்கு ஒத்துழைக்காமல், படத்திலுள்ள எழுத்தைத் தட்டச்சு செய்யச் சொல்லி மறித்தால், அதையும் சேர்த்து எழுதுங்கள். நீங்கள் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்துவிட்டால் அடுத்த ஆண்டும் அந்தப் பக்கம் அப்படியேதான் இருக்கும். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் விளையாட்டில் மாற்றுத்திறனாளிகள் முழுமையாகப் பங்கேற்பதற்கான நடவடிக்கைகளை எடுக்கும் பொறுப்பை அரசுகளிடம் ஒப்படைக்கிறது. தனியார் அமைப்பிடம் பேசும்போதும் இதை நினைவூட்டுவதில் தவறில்லை.

மும்பை மாரத்தானைப் போன்ற பெரிய நிகழ்வுகளில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனியாக ஒரு குறுந்தூர ஓட்டம் இருக்கிறது. முதல் அனுபவத்துக்கு அது நல்லது. ஆனால் 42 கிலோமீட்டருக்குத் தயாரான ஒருவர் கேட்கும்போது, “உங்களுக்கென்றுதான் அந்தப் பிரிவு இருக்கிறதே” என்று எந்தப் போட்டி அலுவலகம் பதில் சொன்னாலும் அதை ஏற்க வேண்டியதில்லை. 1976-இல் டிக் ட்ரம் செயற்கைக் காலுடன் நியூயார்க் மாரத்தானை முழுத் தூரமும் ஓடி முடித்தார்; மாற்றுத்திறனாளிகளையும் வழித்துணைகளையும் இணைக்கும் அக்கிலிஸ் என்ற அமைப்பை 1983-இல் தொடங்கியவர் அவர்தான்.

போட்டி நாள்

இருட்டிலேயே வந்து சேர்ந்துவிடுங்கள். தற்காலிகக் கழிப்பறைகளுக்கு அழைத்துச் செல்லும்போது தாழ்ப்பாள், தண்ணீர், படி எங்கெங்கே என்று வாசலிலேயே சொல்லிவிட வேண்டும். நீங்கள் இருவரும் வெவ்வேறு பாலினத்தவர் என்றால் இதற்கு ஒரு தன்னார்வலரை முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். உங்கள் இருவர் சட்டையிலும் முன்னும் பின்னும் ‘பார்வையற்ற ஓட்டக்காரர்’, ‘வழித்துணை’ என்று பெரிய எழுத்தில் இருக்கட்டும். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஓடுபவர்களுக்கு உங்கள் குரல் கேட்காது. இருவருக்கு நடுவே கயிறு இருப்பதும் தெரியாது, இடையில் புகுந்துவிடுவார்கள். “வலது பக்கம் ரெண்டு பேர் வர்றோம்” என்று முன்னாலிருப்பவருக்குக் குரல் கொடுத்துக்கொண்டே செல்லுங்கள். இருவர் அகலத்துக்கு இடம் கிடைத்தால் மட்டும் முந்துங்கள்.

மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் தண்ணீர் மேசை. எல்லாரும் ஒரே பக்கம் ஒதுங்குவார்கள், திடீரென்று நிற்பார்கள், தரையில் காகிதக் குவளையும் வாழைப்பழத் தோலும் கிடக்கும். மேசைகளின் கடைசிக்குச் சென்று, நடைக்கு மாறி, குவளையை அவருடைய புறங்கையில் தொட்டுக் காட்டிக் கொடுப்பது பாதுகாப்பானது. நீங்களும் அங்கேயே குடித்துவிடுங்கள். இணையைக் கவனிப்பதில் தன் தாகத்தை மறக்கும் வழித்துணைகள் பலர், கடற்கரை ஊர்களின் புழுக்கம் ஜனவரியிலும் அதை மன்னிப்பதில்லை.

முப்பது கிலோமீட்டருக்குப் பிறகு ஓடுபவரின் கால் தரையிலிருந்து எழும் உயரம் குறைந்துவிடும். காலையில் சொல்லாமல் விட்ட சிறு மேடும் இப்போது தடுக்கும், ஆகவே களைத்திருக்கும் அந்த நேரத்தில்தான் நீங்கள் அதிகமாகப் பேச வேண்டும். உங்களால் முடியவில்லை என்று தோன்றினால் உடனே சொல்லிவிடுங்கள். இருவரும் ஓரமாக ஒதுங்கி, அருகிலுள்ள தன்னார்வலரிடமோ மாற்று வழித்துணையிடமோ அவரை ஒப்படைத்த பிறகுதான் நீங்கள் விலகலாம்.

முடிவுக் கோட்டில் தரையில் விரித்திருக்கும் நேரப் பதிவு விரிப்பின் விளிம்பு சற்று உயர்ந்திருக்கும், அதைச் சொல்லுங்கள். கோட்டை முதலில் தாண்ட வேண்டியவர் அவர். நீங்கள் அரை எட்டு பின்தங்கிவிட வேண்டும். கயிற்றையும் கோடுவரை விடக் கூடாது. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் டி12 பெண்கள் மாரத்தானில் மூன்றாவதாக வந்துகொண்டிருந்த ஸ்பெயினின் எலேனா கொங்கோஸ்ட், சில மீட்டர்களே பாக்கி இருந்தபோது தசைப்பிடிப்பால் சாயவிருந்த வழித்துணையைத் தாங்குவதற்காகக் கயிற்றை விட்டார். அதற்காக அன்று தகுதிநீக்கம் செய்யப்பட்டார். பொதுப் போட்டியில் யாரும் இவ்வளவு கறாராகப் பார்க்கமாட்டார்கள், ஆனாலும் பழக்கத்தை முதலிலிருந்தே சரியாக அமைத்துக்கொள்வதில் நட்டமில்லை.

கோட்டைத் தாண்டியதும் உங்கள் வேலை முடிந்துவிடவில்லை. பதக்கம் அணிவிக்க யாரோ தலையைத் தொடப்போகிறார்கள் என்பதை முன்னதாகச் சொல்லுங்கள். “இவருக்கு என்ன வேணும்?” என்று தன்னார்வலர்கள் உங்களைப் பார்த்தே கேட்பார்கள், “அவர்கிட்டயே கேளுங்க” என்று சிரித்துக்கொண்டே திருப்பிவிடுங்கள். உடல் ஆறிய பிறகு எந்த எச்சரிக்கை பிந்தி வந்தது, எந்தச் சொல் புரியவில்லை என்று அவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மாரத்தானுக்காகச் சாலைகளை மூடியிருப்பதால் ஆட்டோவும் பேருந்தும் அன்று வழக்கமான இடங்களில் கிடைக்காது. களைத்த காலுடன் தெரியாத தெருக்களில் அவரை அலையவிடாமல், வண்டி நிற்கும் இடம்வரை உடன் நடந்து, ஏற்றிவிட்டு, அடுத்த பயிற்சி எப்போது என்று பேசிவிட்டுக் கிளம்புங்கள்.